தலைவர் இல்லாத குழு

2025 ஜனவரி 5-ஆம் தேதி புதுக்கோட்டை மாவட்டத்தின் 497 ஊராட்சிகளிலும் ஒரே நாளில் தலைவர் பதவி காலியானது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் ஐந்தாண்டுக் காலம் அன்றோடு முடிந்தது. அடுத்த தேர்தல் உரிய காலத்தில் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் வந்தார்கள். குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் நூறு நாள் வேலைக்கும் இனி யாரிடம் போய் நிற்பது என்று ஊர்களில் பேச்சு எழுந்தது. அதே நாளில் ஆளில்லாமல் போன இன்னொரு பொறுப்பு அவ்வளவாகப் பேசப்படவில்லை. குழந்தைகளை வன்கொடுமையிலிருந்தும் புறக்கணிப்பிலிருந்தும் காப்பதற்கென்று ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு குழு உண்டு. ஊராட்சித் தலைவர்தான் பதவி வழியில் அதற்கும் தலைவர்.

இப்படி நடப்பது முதல் தடவையும் அல்ல. 2016 அக்டோபரிலிருந்து 2020 ஜனவரி வரை மூன்று ஆண்டுகளுக்கு மேல் உள்ளாட்சிகள் தனி அலுவலர்களிடம்தான் இருந்தன. குழுவோ அதற்கும் பழையது. 2009-இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது கிராமக் குழு என்ற யோசனை எழுதப்பட்டது. 2022-இல் அந்தத் திட்டம் ‘மிஷன் வாத்சல்யா’ என்ற பெயரில் புது வழிகாட்டு நெறிகளோடு வந்தபோதும் குழு தொடர்ந்தது. ஊராட்சித் தலைவர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், பள்ளி ஆசிரியர், ஊர்ப் பெரியவர்கள், தொண்டு நிறுவனத்தார், கூடவே இரண்டு குழந்தைப் பிரதிநிதிகள். ஊருக்கும் அரசுக்குமான கூட்டு என்று காகிதத்தில் இதைவிட அழகாக ஒன்றை வரைய முடியாது. ஆனால் அந்தக் கூட்டு யாருடைய பதவிக்காலத்தோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது என்பதை வரைந்தவர்கள் கவனிக்கவில்லை.

யோசனை பிழையானது என்று சொல்ல வரவில்லை. அதன் அடிப்படை வலுவானது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில் குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்: உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர். மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பேசிய குழந்தைகளில் 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். வீட்டுக்குள்ளும் தெருவுக்குள்ளும் நடப்பதை மாவட்டத் தலைநகரில் இருக்கும் அலுவலகத்தால் முன்கூட்டி அறிய முடியாது. அறியக்கூடியவர் அதே தெருவில் இருப்பவர்தான்.

புதுக்கோட்டை இதைக் கொடூரமான முறையில் அறிந்த மாவட்டம். 2020 ஜூன் கடைசியில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி காணாமல் போய்ப் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டாள். ஆறு மாதத்துக்குள், அதே ஆண்டு டிசம்பர் இறுதியில், புதுக்கோட்டை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு மரண தண்டனை விதித்தது. (ஊர்ப் பெயரைத் தவிர்க்கிறேன்; குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைப் போக்சோ சட்டம் தடுக்கிறது. அந்நாள்களில் பல ஊடகங்கள் இதை மதிக்கவில்லை.) விசாரணையின் வேகத்தை எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டத்தக்கதுதான். ஆனால் நம் பொதுப் பேச்சில் குழந்தைப் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் தண்டனையின் கதையாகவே முடிந்துவிடுகிறது. முன்னால் தடுப்பதற்கென்று ஏற்படுத்திய கூட்டமைப்பு எப்படி இயங்குகிறது என்ற கேள்விக்கு அந்தப் பேச்சில் இடமில்லை.

அது எங்கே இயங்குகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கிராமக் குழுக்களின் சாதனையாக எங்கும் முதலில் சொல்லப்படுவது குழந்தைத் திருமணத் தடுப்பு. காரணம் எளியது. கல்யாணத்துக்குத் தேதி உண்டு, பத்திரிகை உண்டு, மண்டபமோ கோயிலோ உண்டு, பந்தல்காரரும் சமையல்காரரும் உண்டு. பத்தாம் வகுப்புப் பெண் இரண்டு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை என்பது வருகைப் பதிவேட்டில் தெரியும். வகுப்புத் தோழி ஒருத்தி டீச்சரிடம் சொன்னால் போதும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைப்பு போகும், குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலராக இருக்கும் மாவட்ட சமூகநல அலுவலருக்குத் தகவல் போகும், போலீசும் வருவாய்த் துறையும் வந்துவிடும். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் தடையாணை கொடுக்கலாம். அதை மீறி நடக்கும் திருமணம் செல்லாது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 18 நிறைவதற்குள் மணமானவர்கள் 2015-16-இல் 16.3 விழுக்காடு, 2019-21-இல் 12.8. இந்தக் குறைவில் பள்ளிப் படிப்பு, விலையில்லாச் சைக்கிள், உதவித்தொகை எல்லாவற்றுக்கும் பங்குண்டு. தகவல் சொல்லும் சங்கிலிக்கும் ஒரு பங்கைக் கொடுப்பதில் தவறில்லை.

இந்த வெற்றிக்குள்ளும் ஓர் ஓட்டை இருக்கிறது. தடுத்து நிறுத்திய அன்றைக்குப் பெற்றோரிடம் எழுதி வாங்குவார்கள். மூன்று மாதம் கழித்து, வெளியூரில் உறவினர் வீட்டில், பத்திரிகை அடிக்காமல் தாலி கட்டுவது வழக்கமான தந்திரம். அந்த மூன்று மாதத்தில் அந்தப் பெண் பள்ளிக்குப் போகிறாளா, வீட்டில் அடி வாங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் கிராமக் குழுவால் மட்டுமே செய்யக்கூடிய வேலை. ஆனால் கணக்கில் ஏறுவது ‘தடுத்து நிறுத்தப்பட்ட திருமணங்கள்’ என்ற எண். தொடர்ந்து போய்ப் பார்த்த நாள்களுக்கு அறிக்கையில் கட்டம் கிடையாது.

கண்ணுக்குத் தெரியும் தீங்குகளில் ஊர்க் குழு கெட்டி. பள்ளி நின்ற பையன், ஆட்டுக்கிடையில் அடகு வைக்கப்பட்ட சிறுவன், வெளிநாட்டுக்குப் போன அப்பாவும் சித்தாளாகப் போன அம்மாவும் பாட்டியிடம் விட்டுச்சென்ற பிள்ளைகள், இவர்களை ஊர் பார்க்கிறது. அறந்தாங்கி, கீரமங்கலம், ஆலங்குடி வட்டாரங்களிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆள் போவது புதிதல்ல. பிள்ளையைப் பாட்டியிடம் விடுவதைப் புறக்கணிப்பு என்று சொன்னால் அந்தப் பாட்டிகள் நம்மை அடிக்க வருவார்கள், அதிலும் நியாயம் உண்டு. ஆனால் பாட்டி படுத்த படுக்கையாகிவிட்ட பிறகும் அனுப்பும் பணம் மட்டும் வந்துகொண்டிருக்கும் வீடு எது என்பது அங்கன்வாடி டீச்சருக்குத் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் முந்திரியையும் கூரையையும் சாய்த்துவிட்டுப் போனபின், பக்கத்துத் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு குடும்பம் 36,000 ரூபாய்க்கு மகனை ஆடு மேய்க்க விட்ட செய்தி நாளிதழ்களில் வந்தது. புயலடித்த ஒரு மாதத்தில் எந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டி ஊகிக்கக் கூடியவர்கள் ஊர்க்காரர்கள்தான். நிவாரணப் பட்டியலோடு குழந்தைகளின் பட்டியலையும் கையிலெடுத்து வீடு வீடாகப் போகும் பழக்கம் மட்டும் இருந்தால் போதும்.

பாலியல் கொடுமைக்குத் தேதியும் பந்தலும் கிடையாது. அங்கேதான் குழுவின் அமைப்பு முழுதாக மாட்டிக்கொள்கிறது. ஒரு குழந்தை அங்கன்வாடி டீச்சரிடமோ நர்சம்மாவிடமோ எதையோ சொல்லிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி அவர் உடனே போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மீது வழக்குப் போட முடியாது என்றும் அதே 19-ஆம் பிரிவு உறுதி தருகிறது. நீதிமன்றத்திலிருந்து காக்கும் அந்த உறுதி, மறுநாள் காலை அவர் போய் நிற்கவேண்டிய தெருக்குழாய் வரை வராது. குற்றம் சாட்டப்பட்டவரின் அண்ணன் மகள் அதே அங்கன்வாடியில் படிப்பாள். அவருடைய மாமனார் ஊர்ப் பெரியவர் என்ற முறையில் குழுவிலேயே உறுப்பினராக இருப்பார். ‘பொண்ணு பேரு கெட்டுடும்’, ‘வீட்டுக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்’, ‘டீச்சருக்கு எதுக்கு இந்த வேலை?’ என்ற மூன்று வாக்கியங்களுக்கும் பதில் சொல்லவேண்டியவர், மாவட்ட அலுவலகத்துப் படிநிலையில் மிகக் கீழே இருக்கும், மிகக் குறைந்த ஊதியம் வாங்கும் அந்தப் பெண். கூட்டு என்று பெயர் வைத்துவிட்டு, அதன் ஆபத்து முழுவதையும் ஒருத்தியின் தலையில் இறக்கிவைத்திருக்கிறோம்.

ஆகவே பேச்சு குழுவுக்கு வருவதற்கு முன்பே கட்டப்பஞ்சாயத்துக்குப் போய்விடுகிறது. ஒரு தொகை, ஒரு மன்னிப்பு, சில ஊர்களில் பாதிக்கப்பட்ட பெண்ணையே குற்றவாளிக்குக் கட்டிவைக்கும் தீர்ப்பு. போக்சோ வழக்கைச் சமரசம் செய்து முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் பஞ்சாயத்தில் உட்காருபவர்களும் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுபவர்களும் பல இடங்களில் ஒரே ஆட்கள் என்றால் சட்டம் யார் வாயிலாக ஊருக்குள் நுழையும்?

இங்கே ‘சமூகம்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2022 டிசம்பரில் அன்னவாசல் ஒன்றியம் முத்துக்காடு ஊராட்சியைச் சேர்ந்த வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. தெரியவந்த விதம் முக்கியம்: முதலில் நோயில் விழுந்தவர்கள் குழந்தைகள். தண்ணீரைப் பாருங்கள் என்று சொன்னவர்கள் மருத்துவர்கள். அதன்பின் நேரில் சென்ற அப்போதைய ஆட்சியர் கவிதா ராமு, டீக்கடையில் இரட்டைக் குவளையையும் கோயிலில் அனுமதி மறுப்பையும் கண்டார். வழக்கு எப்படிப் போனது, யார்மீது குற்றப்பத்திரிகை வந்தது, அதை அந்த மக்கள் ஏன் ஏற்கவில்லை என்பதெல்லாம் தனிக் கட்டுரைக்கானவை. இங்கே எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஓர் ஊராட்சி என்பது ஓர் ஊர் அல்ல. ஊரும் காலனியும் சேர்ந்தது ஊராட்சி. டீக்கடையில் ஒரே குவளையில் குடிக்க முடியாதவர்கள், பிள்ளையின் உடம்பில் நடந்ததைச் சொல்ல ஒரே மேசைக்கு வருவார்கள் என்று எண்ணிக் குழு அமைப்பது, ஊரைத் தெரியாதவர் செய்யும் வேலை.

சாதி இன்னொரு வழியிலும் நுழைகிறது, இது கவனிக்கப்படாத வழி. பதினேழு வயதுப் பெண்ணுக்குச் சொந்தத்துக்குள் கல்யாணம் பேசும்போது கண்ணை மூடிக்கொள்ளும் அதே பெரியவர்கள், பதினேழு வயதுப் பெண் வேறு சாதிப் பையனோடு போய்விட்டால் அன்றிரவே 1098-ஐயும் மகளிர் காவல் நிலையத்தையும் தேடுகிறார்கள். பையன்மீது போக்சோ, பெண் வீட்டுக்காவலில். காதலிக்கும் வளரிளம் பருவத்தினரைத் தண்டிப்பது போக்சோவின் நோக்கமல்ல என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், விஜயலட்சுமி வழக்கில் எழுதினார். குழந்தையைக் காக்கும் கருவி குலத்தைக் காக்கும் கருவியாக மாறுவதை நீதிமன்றங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. கிராமக் குழுக்களுக்குத் தரப்படும் பயிற்சியில் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். வயதுச் சான்றிதழையும் சட்டப்பிரிவையும் மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பினால், அந்த அறிவு எந்தப் பக்கம் பயன்படும் என்பதை ஊரின் பலசாலிகள் தீர்மானித்துவிடுவார்கள்.

இதன் கிளையாகச் சுகாதாரத் துறையில் ஒரு சிக்கல். தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பமும் கணினியில் பதிவாகி எண் பெறுகிறது. தாய் இறப்பைக் குறைப்பதில் இந்தப் பதிவுக்குப் பெரிய பங்குண்டு. பதினெட்டு நிறையாத பெண் பதிவுக்கு வந்தால் செவிலியரோ மருத்துவரோ போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்வார்கள் என்று ஊருக்கும் தெரியும். அதனால் சில பெண்கள் பதிவுக்கே வருவதில்லை. வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள், அல்லது மருந்துக்கடை மாத்திரையையோ போலி மருத்துவரையோ நாடுகிறார்கள். 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் போலீசுக்குத் தர வேண்டியதில்லை என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் பிள்ளையைச் சுமக்கிறேன் என்று சொல்பவளுக்கு அதில் வழியில்லை. காவலும் கவனிப்பும் ஒரே கையில் இருக்கும்போது மக்கள் கவனிப்பையும் சேர்த்துத் தவிர்க்கிறார்கள். கிராமக் குழுவின் ஆகப்பெரிய வடிவமைப்புக் குறை இதுதான் என்பது என் கணிப்பு: உதவி செய்பவரையே தகவலாளியாகவும் ஆக்கிவிட்டு, நம்பிக்கை குறைகிறது என்று வருந்துகிறோம்.

அப்படியானால் ஊரை ஒதுக்கிவிட்டுச் சட்டத்தை மட்டும் நம்பலாமா? புதுக்கோட்டையின் சொந்த வரலாறே இரண்டு பக்கமும் பேசுகிறது. 1886-இல் இந்தச் சமஸ்தானத்தில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சென்னைச் சட்டமன்றத்தில் சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டித் தேவதாசிகளாக்கும் வழக்கத்துக்கு எதிராக நின்றபோது, அந்த வழக்கத்துக்குக் கோயிலும் மரபும் ஊரும் துணையாக இருந்தன. ஊர் சம்மதிக்கும்வரை காத்திருந்தால் அதைத் தடைசெய்த 1947-ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்காது. ஊரின் ஒப்புதல் இருக்கிறது என்பது ஒரு செயல் நல்லது என்பதற்குச் சான்று ஆகாது. ஆனால் அவர் சட்டத்தோடு நிற்கவில்லை. அந்தச் சிறுமிகள் போய்த் தங்குவதற்கு அவ்வை இல்லத்தையும் கட்டினார். எதிர்ப்பும் அரவணைப்பும் ஒருவரிடமே இருந்தன.

மறுபக்கத்துக்கு அறிவொளி. 1991-இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் தோழர்களோடும் பல்லாயிரம் தொண்டர்களோடும் தொடங்கிய எழுத்தறிவு இயக்கம், அரசும் ஊரும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த மாவட்டம் கண்ட பெரிய சான்று. கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் படித்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். குழந்தையை முன்னால் உட்கார வைக்க வசதி என்பதால் அவர்களில் சிலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள் என்றும் அவர் குறித்திருக்கிறார். 1992 ஆகஸ்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஆட்சியர்கள் மாறினார்கள், தொண்டர்கள் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள், வளர்கல்வி மையங்கள் ஒவ்வொன்றாக ஓசையின்றி ஒடுங்கின. இயக்கம் கரைந்த பிறகும் கரையாமல் நின்றது சைக்கிள். தனி மனிதர்களின் உடம்பில் ஏறிவிட்ட திறன் அது. அதைத் தொடர்வதற்கு எந்தக் கூட்டத்தையும் கூட்ட வேண்டியிருக்கவில்லை.

குழந்தைப் பாதுகாப்புக் கூட்டுகளை நீடிக்கச் செய்வது பற்றி நாம் பேசும்போது பெரும்பாலும் கூட்டங்களை நீடிக்கச் செய்வது பற்றியே பேசுகிறோம். குழு கூடியதா, எத்தனை பேர் வந்தார்கள், புகைப்படம் எங்கே. 2009-இல் உளவியலாளர் மைக்கேல் வெசல்ஸ் பல நாடுகளின் சமூகக் குழந்தைப் பாதுகாப்புக் குழுக்களைப் பற்றிய 160 ஆவணங்களைத் தொகுத்து ஆராய்ந்தார். வெளியிலிருந்து அமைத்து, படிவமும் பயிற்சியும் கொடுத்து இறக்கிவைக்கப்பட்ட குழுக்கள் நிதி நின்றதும் நிற்கின்றன. ஏற்கெனவே ஊரில் இருக்கும் உறவுகளின்மேல், ஊரே தன் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டதைச் சுற்றி எழுந்தவைதான் நிலைக்கின்றன என்பது அவர் கண்டதன் சாரம். பின்னர் சியரா லியோனில் அவர் குழு நடத்திய செயலாய்வில், எதைத் தடுப்பது என்று கிராமங்களே தேர்ந்தெடுக்க விட்டார்கள். அவை எடுத்துக்கொண்டது பதின்வயதுக் கர்ப்பத்தை. புதுக்கோட்டையின் 497 ஊராட்சிகளுக்கும் ஒரே நிகழ்ச்சி நிரலை அனுப்பும் நடைமுறையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர் குப்பத்தின் கவலையும் குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கல்குவாரித் தொழிலாளியின் கவலையும் ஒன்றாக இருக்க முடியாது.

ஆனால் வெசல்ஸின் முடிவை அப்படியே எடுத்துக்கொண்டு ஊரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடவும் முடியாது. ஊரே தேர்ந்தெடுக்கட்டும் என்றால், சாதி பிளந்த ஊரில் தேர்ந்தெடுப்பது யார் என்ற கேள்வி எழும். குழந்தை வேலை, பள்ளி இடைநிற்றல், குடியால் சீரழியும் வீடு போன்றவற்றை ஊர் முன்வந்து எடுத்துக்கொள்ளலாம். சொந்த வீட்டுக்குள் நடக்கும் பாலியல் கொடுமையை எந்த ஊரும் தன் முதல் பிரச்சினையாகக் கைதூக்கித் தேர்ந்தெடுக்காது. இரண்டையும் ஒரே குழுவின் தலையில் ஏற்றாமல் பிரிப்பதே சரி என்று நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரிவது ஊரின் மேசைக்கு வரட்டும். மறைந்திருப்பதைச் சொல்வதற்கு, ஊரைத் தாண்டிப் போகும் ஒரு வழி வேண்டும்.

அந்த வழியாகத்தான் 1098 இருந்தது. 1996-இல் மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாக ஜெரூ பிலிமோரியா தொடங்கிய இந்தத் தொலைபேசிச் சேவை, நாடெங்கும் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களின் வழியே நடந்தது. 2023-இல் அரசு அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு 112 அவசர அழைப்போடு இணைத்தது. மாவட்டத்தில் அது குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஒரு பகுதியாயிற்று. அரசே பொறுப்பேற்பதால் பணம் நிற்காது, பதில் சொல்லவேண்டியவர் யார் என்பதில் குழப்பமும் இல்லை. இழந்தது வேறு. தொண்டு நிறுவன ஊழியர் ஆண்டுக்கணக்கில் போய்வந்து பெற்ற பழக்கம், எந்த ஊரில் யாரிடம் முதலில் பேசலாம் என்ற அறிவு, ஊர்ப் பிரச்சினையில் போலீஸ் அல்லாத ஒரு முகம். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2020 செப்டம்பரில் திருத்தப்பட்ட வெளிநாட்டு நிதிச் சட்டம், பெரிய நிறுவனங்கள் தாம் பெற்ற நிதியைச் சிறிய உள்ளூர் அமைப்புகளுக்கு மாற்றிக் கொடுப்பதைத் தடைசெய்து, நிர்வாகச் செலவின் உச்சவரம்பையும் 50-லிருந்து 20 விழுக்காடாகக் குறைத்திருந்தது. நிர்வாகச் செலவு என்பதில் சம்பளத்தின் ஒரு பகுதியும் வரும். களப்பணியில் சம்பளம்தான் வேலையே. தொண்டு நிறுவனங்களில் வீண் செலவு உண்டு, படம் காட்டுவதும் உண்டு, மூன்றாண்டுத் திட்டம் முடிந்ததும் ஊரை மறப்பதும் உண்டு. அதையெல்லாம் சொல்லிவிட்டும், அவர்கள் விலகிய இடத்தில் அமர்ந்திருப்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். மிஷன் வாத்சல்யாவில் 60-க்கு 40 என்று மத்திய, மாநில அரசுகள் செலவைப் பகிர்கின்றன. மாவட்ட அலகின் ஆலோசகரும் சமூகப் பணியாளரும் களப்பணியாளரும் ஒப்பந்தத் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். நிரந்தரமில்லாத ஊழியர் வந்து நிரந்தரமான கூட்டைக் கட்டச் சொல்கிறார். மணமேல்குடியிலிருந்து விராலிமலை வரை 13 ஒன்றியங்களில் அவர் சுற்ற வேண்டும்.

கூட்டு நீடிக்க மிக முக்கியமானது எது என்று என்னைக் கேட்டால், விழிப்புணர்வு ஊர்வலத்தைச் சொல்ல மாட்டேன். தண்டிப்பதற்கு மட்டுமே தெரிந்த குழுவைக் கண்டால் ஊர் ஒதுங்கும். கொடுப்பதற்கும் ஏதாவது வைத்திருக்கும் குழுவைத் தேடி வரும். கொடுப்பதற்கு இருக்கிறது. மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்தில், கணவனை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளைக்கும் ஆதரவற்ற பிள்ளைக்கும் மாதம் 4,000 ரூபாய் உண்டு. கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 15-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘அன்புக்கரங்கள்’ திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய். குடும்பத்தை உடைக்காமல் குழந்தையை வீட்டிலேயே வைத்திருக்க இந்தப் பணத்தால் முடியும். ஆட்டுக்கிடைக்கு அனுப்பும் கட்டாயத்தையும், பதினாறு வயதில் ‘ஒரு வாய் குறையட்டும்’ என்று கட்டிக்கொடுக்கும் கட்டாயத்தையும் குறைக்கும்.

இந்த உதவிகள் சிக்கிக்கொள்ளும் இடம் சான்றிதழ். கணவன் இறந்திருந்தால் இறப்புச் சான்று உண்டு. ஆறு வருடத்துக்கு முன் திருப்பூருக்குப் போனவன் திரும்பவில்லை என்பதற்கு என்ன சான்று? வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, குழந்தையின் ஆதார், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகும். ஆவுடையார்கோவில் பக்கத்துக் கடைக்கோடிக் கிராமத்துப் பெண்ணுக்குப் புதுக்கோட்டை ஆட்சியரகம் போய்வர ஒரு பகல் போதாது. அவன் திரும்பவில்லை என்பது ஊருக்கே தெரியும். கிராம நிர்வாக அலுவலரையும் அங்கன்வாடி டீச்சரையும் மகளிர் குழுத் தலைவியையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, அன்று மாலைக்குள் அந்த ஊரின் எல்லா விண்ணப்பங்களையும் முடிக்கச் சொல்லலாம். காலனியில் ஒரு நாள், ஊரில் ஒரு நாள் என்று தனித்தனியாக. குழந்தைப் பிரதிநிதிகள் இருவரில் ஒருவர் காலனியிலிருந்து வரவேண்டும் என்பதையும் இதற்கான ஆணையிலேயே எழுதிவிடலாம். அங்கன்வாடிப் பணியாளருக்கு அந்த நாளுக்கான படியைக் கொடுத்து, அவர் மாவட்ட அலகுக்கு அனுப்பும் ரகசியத் தகவலில் அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் வராது என்பதைக் காவல்துறை எழுத்தில் தரவேண்டும்.